மெயின் அணைத்த பிறகும்

அத்தியாயம் 11

இரண்டு பெட்டிகளும் ஒரு வாரமாகக் கூடத்திலேயே கிடந்தன. ஒன்றில் மின் அடுப்பு. இன்னொன்றில் ஓவன். வேலை பார்த்த பேக்கரியை மூடிவிட்டார்கள், இனி வீட்டிலேயே ரொட்டியும் கேக்கும் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பேன் என்று அண்ணி துணிந்து வாங்கியவை. போன சனிக்கிழமை அவை வந்து இறங்கியபோது அம்மா ஒரு வார்த்தை பேசாமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் அல்லவா? அதன் பிறகும் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு நடந்தாளே தவிர, அவற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இன்று காலை சின்னவள் கருவிப் பையோடு உள்ளே நுழைந்ததும் திறந்தாள்.

"அந்தச் சுவரைத் தொடாதே."

சின்னவள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எந்தச் சுவரும்மா?"

"எதுன்னு உனக்குத் தெரியும்."

தெரியும். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சமையலறையின் இடது பக்கச் சுவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா கை வைத்து, சரிந்து, பிறகு எழுந்திருக்காமலே போன சுவர். அதன் மேல் இருந்த ஸ்விட்ச் போர்டைப் பலகை அடித்து மூடி, அதன் முன்னால் ஒரு அலமாரியையும் நிறுத்திவிட்டார்கள். அங்கே இருந்த ஃப்ரிட்ஜைக் கூடத்துக்கு மாற்றியாகிவிட்டது. அதைப் பார்க்க முடியவில்லை என்று அம்மாதான் ஆள் வைத்து மாற்றினாள்.

"எதிர்ப்பக்கம் தொட்டியும் குழாயும் இருக்கும்மா. தண்ணிக்குப் பக்கத்துல அடுப்பை வைக்கக் கூடாது. ஜன்னல் பக்கம் வெச்சா ஓவன் கதவு திறக்காது. இருக்கிறது அந்த ஒரு சுவர்தான்."

"அப்போ வெளி ஆள் யாரையாவது கூப்பிட்டு, சுவர் மேலயே பைப் அடிச்சு முடிக்கச் சொல்லு. எதையும் திறக்க வேணாம்."

"நல்லா இருக்கே! ஊர்ல இருக்கிற வீட்டுக்கெல்லாம் நான் ஒயர் இழுக்கிறேன். எங்க அம்மா வீட்டுக்கு வெளி ஆளா?"

அம்மா மருமகள் பக்கம் திரும்பினாள். "அவன்கிட்ட சொல்லு. தங்கச்சிகிட்ட வேலையை நிறுத்தச் சொல்லச் சொல்லு."

அந்த 'அவன்' ஆறடி தூரத்தில்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் பெற்ற மகன். காதில் விழாமல் இருக்க அவன் செவிடும் இல்லை. ஆனால் இந்த வீட்டில் இரண்டு வருஷமாக இப்படித்தான். 'அவனைச் சாப்பிடச் சொல்லு', 'அவன் சட்டை கொடியில கிடக்குன்னு சொல்லு' என்று எல்லாமே அண்ணி வழியாகத்தான் போகும். அண்ணி இதைப் பழகிக்கொண்டுவிட்டாள். "நான் இந்த வீட்டுத் தபால்காரி" என்று சின்னவளிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பு மட்டும் கண் வரைக்கும் போகாது.

"நீ வேலையப் பாரு வாலு," என்றான் அண்ணன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

---

மீட்டர் பெட்டி வாசல் கதவுக்குப் பக்கத்தில், வெளிச்சுவரில் இருந்தது. சின்னவள் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றான் அண்ணன். பெட்டியிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றான். மெயின் ஸ்விட்சை அவன் தொட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஃபியூஸ் போனால்கூட அண்ணிதான் வருவாள்.

"அடுப்புக்குத் தனி பிரேக்கர், ஓவனுக்குத் தனி பிரேக்கர்," என்றாள் சின்னவள். "ரெண்டுக்கும் இங்கேருந்தே நேரா ஒயர். அடுப்புக்கு நல்ல தடிமனான ஒயர் போடணும். சாதாரண ஒயர்ல கொடுத்தா ஒரு மாசத்துல சுவருக்குள்ளயே உருகிடும்."

"உங்க அண்ணி வாங்கினது அடுப்பா, மாப்பிள்ளையா? இவ்வளவு மரியாதை கேக்குது!"

சின்னவள் சிரித்துவிட்டாள். அண்ணன் ஒரு வேடிக்கைப் பேச்சு பேசி எத்தனை நாளாயிற்று!

அவள் மெயின் கைப்பிடியைக் கீழே இழுத்தாள். வீட்டுக்குள் மின்விசிறிகள் ஓய்ந்தன. கூடத்தில் ஃப்ரிட்ஜ் ஒரு முறை உதறிக்கொண்டு அடங்கியது. பையிலிருந்து ஒரு சிவப்புப் பூட்டை எடுத்துக் கைப்பிடியில் மாட்டிப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"பூட்டெல்லாம் போடுவீங்களா?"

"கண்டிப்பா. உள்ள ஒருத்தர் ஒயரைத் தொட்டுட்டிருக்கும்போது, வெளியில இன்னொருத்தர் தெரியாம மேல தூக்கிடக் கூடாது இல்ல?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அண்ணனின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோயிருந்தது.

"அன்னைக்கு இப்படி ஒரு பூட்டு இருந்திருந்தா..." என்றான். உள்ளே போய்விட்டான்.

அந்த நாளில் சின்னவள் இங்கே இல்லை. வேறு ஊரில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னது. அப்பா சமையலறைப் போர்டில் ஒரு பழுதான ஸ்விட்சை மாற்றப் போனார். மகனைக் கூப்பிட்டு மெயினை அணைக்கச் சொன்னார். மகன் போனில் பேசிக்கொண்டே போனான், 'அணைச்சாச்சுப்பா' என்று குரல் கொடுத்தான். அடுத்த நிமிஷம் அப்பா அலறினார். அக்கம்பக்கத்தார் ஓடி வந்து பார்த்தபோது மெயின் கைப்பிடி மேலே இருந்தது. மேலே என்றால், கரண்ட் இருக்கிறது.

யாரும் அண்ணனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. 'பாவம், போன் பேசிட்டே போயிட்டான்' என்று மட்டும் சொன்னார்கள். அது அவனுக்குத் தீராத ரணமாகிவிட்டது. அதன் பிறகு அவன் செல்போனை வீட்டுக்குள் எடுத்து வருவதே இல்லை. வண்டிப் பெட்டியிலேயே கிடக்கும்.

சின்னவள் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போகும்போது அம்மா சாவிக்கொத்தோடு பின்வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தாள்.

"எங்கம்மா?"

"மொட்டை மாடியில துணி காயுது."

கொடியில் துணி எதையும் பார்த்ததாகச் சின்னவளுக்கு ஞாபகமில்லை. ஆனால் அப்போது அவள் கவனமெல்லாம் சுவரின் மேல் இருந்தது.

---

அலமாரியை நகர்த்த அண்ணி கை கொடுத்தாள். பின்னால் இரண்டு வருஷத்துத் தூசி. பலகையில் நாலு திருகாணிகள். மூன்று சுலபமாக வந்தன. நாலாவது துருப்பிடித்து, திருகத் திருகக் கிறீச்சிட்டது.

"இதைக் கேட்டாலே பல்லு கூசுது," என்றாள் அண்ணி.

"நீங்க வாசப்படிக்கு அந்தப் பக்கம் நில்லுங்க அண்ணி. தூசி பறக்கும்."

மெயினைப் பூட்டியாயிற்று. இருந்தாலும் சின்னவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வீடானாலும், யார் 'அணைச்சாச்சு' என்று சொன்னாலும், தானே அணைத்திருந்தாலும், டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்க மாட்டாள். அவளோடு வேலை செய்பவர்கள் இதற்காக அவளைக் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

பலகை கழன்று வந்தது. உள்ளே போர்டு பாதி பிரிந்தபடியே கிடந்தது. அப்பா விட்ட இடத்தில் அப்படியே.

அவள் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு டெஸ்டரை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தாள். முதல் ஒயர் செத்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. கீழே ஃப்ரிட்ஜுக்குப் போகும் ஒயரில் வைத்தாள்.

டெஸ்டருக்குள் சின்னச் சிவப்பு வெளிச்சம்.

"என்ன?" என்றாள் அண்ணி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

"ஒண்ணுமில்ல. சில நேரம் இது பொய் சொல்லும். பக்கத்து ஒயர்ல கரண்ட் ஓடினாக்கூட மின்னும்."

ஆனால் பக்கத்து ஒயர் எல்லாம் செத்துக் கிடக்கிறதே. பின்னே இது எதனால் மின்னுகிறது?

பையிலிருந்து டெஸ்ட் லாம்ப்பை எடுத்தாள். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர், அவ்வளவுதான். அது பொய் சொல்லாது. உண்மையாகவே கரண்ட் இருந்தால்தான் எரியும். கையுறையை மாட்டிக்கொண்டு இரண்டு முனைகளையும் இரண்டு ஒயர்களில் கவ்வ வைத்தாள்.

பல்பு எரிந்தது.

மினுக்காமல், தயங்காமல், முழு வெளிச்சத்தோடு எரிந்தது. அலமாரியை ஜன்னல் பக்கம் நகர்த்தியிருந்ததால் அறை மங்கலாக இருந்தது. அந்த மங்கலில் சுவர், பிரிந்த போர்டு, அண்ணியின் வெளிறிய முகம் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தன.

சின்னவள் எழுந்து வாசலுக்கு ஓடினாள். பூட்டு அப்படியே இருந்தது. கைப்பிடி கீழே இருந்தது. சட்டைப்பையில் சாவி இருந்தது.

திரும்பி வந்தாள். பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

குனிந்து அந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்த்தாள். மற்றவை எல்லாம் வலப்பக்கமாக, மீட்டர் பெட்டி இருக்கும் திசைக்குப் போயின. இது மட்டும் நேராக மேலே ஏறியது. வேறு கை போட்ட ஒயர் என்று பார்த்ததுமே தெரிந்தது. முடிச்சு சரியில்லை, டேப் கோணல், பைப்பும் இல்லை. சுவரில் கோடு கிழித்து, ஒயரை வைத்துச் சும்மா பூசியிருந்தார்கள்.

மேலே என்றால் மாடி. மாடிப் பகுதிக்குத் தனி மீட்டர், தனி மெயின். குடியிருந்தவர்கள் காலி செய்து எட்டு மாதம் ஆகிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது.

அவள் இரண்டடி பின்னால் வந்தாள்.

"அண்ணி, நீங்க உள்ள வராதீங்க. எதையும் தொடாதீங்க. அண்ணனைக் கூப்பிடுங்க."

---

அண்ணன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். இரண்டு வருஷமாக இந்த அறைக்குள் அவன் வந்ததில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கூடத்தில் இருந்துதான் கேட்பான்.

"என்ன வாலு? எதுக்குக் கூப்பிட்ட?"

"மெயினை நான் அணைச்சதைப் பாத்தே இல்ல?"

"பாத்தேன்."

"பூட்டினதையும் பாத்தே?"

"பாத்தேன். அதுக்கென்ன?"

அவள் ஒதுங்கி நின்றாள். பல்பைக் காட்டினாள்.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. பல்பைப் பார்த்தான். நின்றுபோன மின்விசிறியைப் பார்த்தான். மறுபடி பல்பைப் பார்த்தான். பிறகு மெதுவாக, தண்ணீருக்குள் இறங்குகிறவன்போல, ஒரு காலை உள்ளே வைத்தான். இன்னொரு காலையும் வைத்தான்.

"இது எப்படி...?"

"மாடி லைன்லேருந்து யாரோ இழுத்திருக்காங்க. கீழ மெயினை அணைச்சா இது அணையாது. நூறு தடவை அணைச்சாலும் அணையாது." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, யோசிச்சு சொல்லு. அன்னைக்கு மெயினை எந்தப் பக்கம் இழுத்தே?"

"தெரியல."

"யோசி."

"தெரியலடி! ரெண்டு வருஷமா யோசிச்சிட்டுத்தான் இருக்கேன்!" அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "கீழதான் இழுத்தேன். இழுத்த மாதிரிதான் இருக்கு. அப்பா கத்தினார். அம்மா 'அணைடா, அணைடா'ன்னு கத்தினாங்க. அப்போ நான் தப்பா இழுத்துட்டோம்போலன்னு நினைச்சு மறுபடி இழுத்தேன். எந்தப் பக்கம் இழுத்தேன்னு..."

அவன் கை தானாக எழுந்து, காற்றில் எதையோ மேலே தள்ளியது.

"மேல தூக்கிட்டே," என்றாள் சின்னவள். "கீழ இருந்ததை மேல தூக்கிட்டே. அதான் வந்தவங்க பாக்கும்போது மேல இருந்திருக்கு. அதுக்கு முன்னாடி அது கீழதான் இருந்தது. நீ அணைச்சிருந்தே அண்ணா. சரியாத்தான் அணைச்சிருந்தே."

அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அண்ணி வாசற்படியில் நின்றபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது பல்பு அணைந்தது.

யாரும் அதைத் தொடவில்லை. பல்பு உடையவும் இல்லை. யாரோ ஸ்விட்சைப் போட்டு நிறுத்தினால் எப்படி அணையுமோ அப்படி, பட்டென்று அணைந்தது.

மூவரும் கூரையைப் பார்த்தார்கள்.

மேலே ஒரு கதவு சாத்தப்படும் சத்தம். பூட்டு மாட்டும் சத்தம். பிறகு பின்படிக்கட்டில் காலடிகள். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கும், மூட்டு வலிக்காரியின் காலடிகள்.

---

பின்வாசலில் அம்மா வந்து நின்றபோது கையில் துணி எதுவும் இல்லை. சாவிக்கொத்து மட்டும் இருந்தது. விரல்களில் துரு அப்பியிருந்தது.

சின்னவள் கையுறையைக்கூடக் கழற்றாமல் எதிரே போய் நின்றாள். "மாடியில என்னம்மா பண்ணினே?"

அம்மா பல்பைப் பார்த்தாள். அது அணைந்திருப்பதைப் பார்த்தாள். அவர்கள் மூவர் முகத்தையும் பார்த்தாள். தாமதமாகிவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பூட்டு திறக்க வரல," என்றாள். "உள்ள போனா எந்த ஸ்விட்சுன்னு தெரியல. ஒண்ணொண்ணாப் போட்டுப் பாத்தேன். உன் கை அதுல பட்டுடுமோன்னு எனக்கு உயிரே இல்லடி."

"அந்த ஒயரை யாரு போட்டது?"

"தெருவுல போற ஒரு ஆளு. பேருகூடத் தெரியாது." அம்மா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். "உங்க அப்பா பத்து நாள் வெளியூர் போயிருந்தார் இல்ல? அப்போ ஃப்ரிட்ஜ் பிளக்குல கரண்ட் வரல. உள்ள அவரோட மிச்ச இன்சுலின் இருந்தது. கெட்டுப் போயிடுமேன்னு அந்த ஆளைக் கூப்பிட்டேன். மாடியிலேருந்து தற்காலிகமா இழுத்துத் தரேன்னான். சரின்னேன். வேற ஆள் இந்த வீட்டு ஒயர்ல கை வெச்சான்னு தெரிஞ்சா உங்க அப்பா தாண்டிக் குதிப்பாரு. அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

சின்னவள் கையுறையைக் கழற்றிக் கீழே போட்டாள்.

"அவர் விழுந்த அன்னைக்கு சாயங்காலம் லைன்மேன் வந்து மெயினை அணைச்சிட்டுப் போயிட்டாரு. வீடே இருட்டு. பக்கத்து வீட்டம்மா, பால் கெடக் கூடாதுன்னு ஃப்ரிட்ஜை மறுபடி சொருகியிருந்தா. நான் தண்ணி எடுக்கலாம்னு கதவைத் திறந்தேன்." அம்மா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள விளக்கு எரிஞ்சுது."

அண்ணன் முன்னால் வந்தான்.

இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அம்மா தலை நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்துப் பேசினாள். நடுவில் தபால்காரி யாரும் தேவைப்படவில்லை.

"நீ அணைச்சிருந்தேடா பெரியவனே. எனக்குத் தெரியும்."

"எப்போலேருந்து தெரியும்?"

"அன்னைக்கேருந்து."

அண்ணி "ஐயோ அத்தை!" என்று முனகினாள். அப்படியானால் அந்த மௌனம் கோபம் இல்லை. இரண்டு வருஷமும் அம்மா மகன் முகத்தைப் பார்க்காமல் இருந்தது அவனை மன்னிக்க முடியாமல் அல்ல, தன் குற்றம் உறுத்தியதால்.

"உங்கிட்ட சொல்லிடணும்னு எத்தனை தடவை..." என்று தொடங்கினாள் அம்மா.

அண்ணன் குனிந்து அவள் மடியிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தான். பிடுங்கவில்லை. தூங்கும் குழந்தை கையிலிருந்து எடுப்பதுபோல மெதுவாக எடுத்தான். அதுதான் சின்னவளைப் பயமுறுத்தியது. அவன் கத்தியிருந்தால் அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

"எங்க போறே அண்ணா?"

அவன் படியேறினான். மேலே பூட்டு திறந்தது. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

சமையலறைச் சுவரில் பல்பு எரிந்தது.

அணைந்தது. எரிந்தது. அணைந்தது. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு முறையும் ஒரே இடைவெளியில். இரண்டு வருஷமாகத் தன் கையையே நம்பாத ஒருவன், இப்போது ஒரு ஸ்விட்சை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறான்.

பிறகு எரிந்தது. அணையவில்லை.

"அண்ணி, அந்தச் சுவர்ப் பக்கம் போகாதீங்க!" சின்னவள் கத்திக்கொண்டே பின்வாசலுக்கு ஓடினாள். ஆனால் அதற்குள் அம்மா படியேற ஆரம்பித்திருந்தாள். மூட்டு வலியை மறந்து, சுவரைப் பற்றிப் பற்றி, மூச்சிரைக்க ஏறினாள். சின்னவள் பின்னால் தாவி வந்தாள்.

அம்மா கதவைத் தட்டினாள். "பெரியவனே, திற. வேணும்னா என்னை ரெண்டு அடி அடி. கதவைத் திறடா."

உள்ளே சத்தமில்லை.

"அண்ணா! அந்த போர்டை மட்டும் தொடாதே!" என்று சின்னவள் கதவில் மோதினாள்.

"தொடலடி. பயப்படாதே." குரல் கதவுக்கு வெகு அருகில் கேட்டது. கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான் போலிருந்தது. "அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவங்க பதில் சொன்னா திறக்கிறேன்."

"கேளுடா," என்றாள் அம்மா. "என்ன வேணாலும் கேளு."

"இப்போ வாலு கை அதுல படக் கூடாதுன்னு இந்த வயசுல மாடியேறி ஓடினே இல்ல? ஒயர் எங்கேருந்து வருதுன்னு உனக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு." அவன் நிறுத்தினான். வார்த்தைகளைத் தேடி எடுப்பதுபோல இருந்தது. "அன்னைக்கு அப்பா என்னை மெயினை அணைக்கச் சொல்லிட்டு அந்த போர்டைப் பிரிச்சாரே, அப்போ நீ அவர் பக்கத்துலதானே நின்னே? டார்ச் பிடிச்சிட்டு நின்னது நீதானே? அப்போ ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

சின்னவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கதவின் மேல் இருந்த அம்மாவின் கை, துருக்கறை இழுபட, மெல்லக் கீழே சரிந்துகொண்டிருந்தது.